மஞ்சள் பட்ட மூலை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொய்யிலிருந்து கிடைத்தது. அந்தப் பொய்யைச் சொன்னவள் அல்போன்சா. ஆறு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி அவளைத் தப்பவிட்டுவிடுகிறேன். இது ஏழாவது.

முதல் தொடக்கம்: ‘திண்டுக்கல் மலைக்கோட்டையின் மேல் வெயில் மெல்ல...’ வேண்டாம். கோட்டைக்கும் இந்தக் கதைக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

2

1999. திண்டுக்கல்லில் வீட்டு முன்னறையில் கைத்திருகு பிரஸ் ஒன்றை வைத்து அல்போன்சா வாழ்த்து அட்டைகள் செய்துகொண்டிருந்தாள். எழுத்தோ பூவோ செதுக்கிய தகட்டைச் சூடாக்கி, அட்டைமேல் வெள்ளி ஃபாயில் தாளை விரித்து அழுத்தினால், எழுத்து பளபளவென்று அட்டையில் ஒட்டிக்கொள்ளும். தாளில் அந்த எழுத்தின் வடிவில் வெள்ளி போயிருக்கும். மற்றவர்கள் அந்தத் தாளை எறிந்துவிடுவார்கள். அவள் எறியமாட்டாள். அதையே வேறொரு அட்டையில் விரித்து, வெறும் தகட்டால் அழுத்துவாள். வெள்ளிக்கு நடுவே பழைய கொடியும் பூவும் வெள்ளைக் கோடாக வரும். ஊரில் வேறு யாருக்கும் வராத வேலை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. (இருக்கட்டுமே. கைவேலைக்காரிக்கு அதுகூட இல்லையென்றால் எப்படி?)

தோழி மகேஸ்வரிக்குக் கல்யாணம் கூடியது. "நெருங்குன சொந்தத்துக்கு மட்டும் பத்திரிகைய ஒங்கையால போட்டுக் குடுடி" என்றாள். அல்போன்சா மூலைகளில் பழைய பூத்தாள்களை வைத்து அழுத்தி, ஆசையாகப் போட்டுக் கொடுத்தாள். அந்தத் தாள்களோடு, இறந்துபோன யாருக்கோ நினைவு அட்டை அழுத்திய தாளும் கலந்திருந்தது. வெள்ளிப் பளபளப்புக்கு நடுவே பொடி வெள்ளை எழுத்து, கண்ணில் படவில்லை.

[பட்டது, அவசரத்தில் விட்டுவிட்டாள் என்று எழுதி அடித்தேன். தவறு தவறாகவே இருக்கட்டும். பாவம் இனிமேல்தான் வருகிறது.]

3

பாலசமுத்திரத்தில் மாப்பிள்ளையின் அம்மா பொன்னழகு, வழக்கம்போல் பத்திரிகையின் மூலைகளில் குழைத்த மஞ்சளைத் தடவினார். வெள்ளியில் மஞ்சள் ஒட்டவில்லை. வெள்ளி இல்லாத இடம் குடித்துக்கொண்டது. கல்யாணப் பத்திரிகையின் மூலையில், மஞ்சள் எழுத்தில், ‘கண்ணீர் அஞ்சலி’ என்று எழும்பியது.

மறுநாளே அவர் அந்தப் பத்திரிகையோடு அல்போன்சாவின் வாசலில் நின்றார்.

"ஏனுங்க அம்மிணி, இந்த எழுத்து இருக்கற தாளு யாரு குடுத்ததுங்க?"

பயந்துவிட்டாள், தொழில் போய்விடுமோ என்று, அதுவுமில்லாமல்... (இதற்குமேல் அவள் பக்கம் வாதாட எனக்கு யோக்கியதை இல்லை.)

"மகேஸ்வரிதாங்க கொண்டாந்து குடுத்தா."

பெண்ணுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை, வேண்டுமென்றே செய்திருக்கிறாள் என்று மாப்பிள்ளை வீட்டார் அவர்களாக முடிவு கட்டினார்கள். கல்யாணம் நின்றது.

அன்று சாயங்காலம் மகேஸ்வரி வந்தாள். "நானாடி குடுத்தேன்?" என்று கேட்டாள். அல்போன்சா பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இந்த இடத்தை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

4

முடிவு ஒன்று: பாலசமுத்திரம் போய் உண்மையைச் சொல்கிறாள். (போகவில்லை.)

முடிவு இரண்டு: மகேஸ்வரிக்கு அதைவிட நல்ல இடம் அமைந்து, எல்லாம் நன்மைக்கே என்று... சே.

அமையவில்லை. எட்டு வருடம் கழித்து அல்போன்சா செம்பட்டிக்குப் பஸ் ஏறினாள். அண்ணன் வீட்டில் இருந்த மகேஸ்வரி கதவைத் திறந்தாள்.

"வா. அடுப்புல வெஞ்சனம் கெடக்கு. சொல்ல வந்ததச் சொல்லு, கிண்டிக்கிட்டே கேக்குறேன்."

அல்போன்சா அவளிடம் சொல்லவேண்டியதை ஒன்பது வாக்கியமாக எழுதிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எங்கோ ஓரிடத்தில் ‘ஆனா’ வந்து உட்கார்ந்துகொள்கிறது. பத்தாவதை நீங்கள் எழுதுங்கள், அந்தச் சொல் இல்லாமல். மகேஸ்வரி கரண்டியைப் பிடித்தபடி நிற்கிறாள்.