சூடாக வைத்திருந்த கொதிகலன்

கட்டுப்பாட்டு அறைத் திரையில் ஐம்பது என்ற எண் அசையாமல் நின்றால், ஊருக்கு வேண்டிய மின்சாரமும் வருகிற மின்சாரமும் சமமாக இருக்கிறது என்று அர்த்தம். ஷிப்ட் இன்ஜினியர் பத்து வருடமாக அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். தன் முகத்தை ஒருநாளும் அப்படிப் பார்த்ததில்லை என்பது மனைவியின் குறை.

கரிப்புகையைக் குறைக்க வேண்டும், முப்பது நாள் மாலையை நிலக்கரி மின்சாரத்தைத் தொடாமல் ஓட்டிக் காட்டினால் நிலக்கரி மின்நிலையத்தையே மூடிவிடலாம் என்று மேலிடம் சொல்லியிருந்தது. இன்று முப்பதாவது நாள். அங்கே கொதிகலனைப் பார்த்துக்கொள்பவர் மனைவியின் அண்ணன். மூடினால் வேலை போய்விடும். வீட்டில் இதை யாரும் பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் கொஞ்சம் சத்தமாக வந்து விழும்.

எதற்கும் இருக்கட்டும் என்று கொதிகலனைச் சூடாகவே வைக்கச் சொன்னவர் இன்ஜினியர்தான். அதுவும் ஒரு யூனிட்கூடத் தராமல் மாதம் முழுக்கப் புகைவிட்டுக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குச் சூரியப் பலகைகள் ஓய்ந்தன. சொல்லிவைத்தாற்போல் காற்றாலைகளும் நின்றன. ஊர் முழுக்க வீடு திரும்பி விளக்கைப் போட்டது. பேட்டரிகள் தம் கட்டிக் கொடுத்தும் பத்து மெகாவாட் குறைந்தது. எண் 49.91. இன்னும் ஒரு புள்ளி இறங்கி 49.90 ஆனால், விதிப்படி நிலக்கரியைக் கூப்பிட வேண்டும். மச்சான் வேலை தப்பிவிடும். இன்ஜினியருக்குச் சந்தோஷமாக இருந்தது, அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அதற்குள் மச்சானே போனில் வந்து, எவ்வளவு குறைகிறது என்று கேட்டார். இவர் சொன்னார்.

“இந்தக் கொதிகலனைச் சூடா வைக்க ஓடுற விசிறியும் பம்ப்பும் எவ்வளவு கரண்ட் இழுக்குதுன்னு பாத்தீங்களா, மாப்பிள்ளை?”

இன்ஜினியர் பட்டியலைப் பார்த்தார். பன்னிரண்டு மெகாவாட். முப்பது நாளாக அந்த வரி அவர் கண்ணில் படவே இல்லை.

“நிறுத்தட்டுமா?”

“நிறுத்தினா அப்புறம் மூட்ட விடமாட்டாங்க, மச்சான். உங்க வேலை...”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“நிறுத்துங்க.”

எண் தயங்கித் தயங்கி ஏறி, ஐம்பதில் போய் நின்றது. ஊரில் ஒரு விளக்கும் மங்கவில்லை.

அன்று தட்டு மெதுவாகத்தான் வந்தது. அண்ணன் போனில் பேசியதாக மனைவி சொன்னாள். எப்போதும் பின்னால் கேட்கும் கொதிகலன் இரைச்சல் இல்லாததால், முதலில் யார் குரல் என்றே தெரியவில்லையாம்.