செவலை நின்ற நாள்

செவலை கத்த ஆரம்பித்தபோது அப்பாவை முன்னறையில் கிடத்தி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை.

நான் அவர் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தேன். முதல் கத்தல் கேட்டதும் வேறு மாடாக இருக்கட்டும் என்று நினைத்தேன். இரண்டாவது நீளமாக வந்தது, தொண்டையைக் கிழித்துக்கொண்டு. எங்களிடம் இருப்பதே ஏழு கறவை மாடு, ஏழின் குரலும் எனக்குத் தெரியும். பசிக்குக் கத்துவது வேறு, கன்றைத் தேடிக் கத்துவது வேறு. இது காளையைத் தேடிக் கத்துவது.

இன்றைக்கு அது கத்தவே கூடாது. முந்தாநாள் காலையிலேயே அது பருவத்துக்கு வந்துவிட்டது என்று அப்பாவிடம் நான்தான் சொன்னேன். வந்தால் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அடுத்தது மூன்று வாரம் கழித்துத்தான். மாடு வைத்திருக்கிற யாருக்கும் இது தெரியும். முன்னறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் மாடு வைத்திருப்பவர்கள்.

பால்வண்டிக்காரர்தான் முதலில் தலையைத் தூக்கினார்.

“என்னங்க இது, பருவத்துக்குக் கத்துற மாதிரில்ல இருக்கு?”

பெரியப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டார். “எது, செவலையா? அதைத்தானே முந்தாநாள் காளைக்கு விட்டான். அதுலதானே இப்படி ஆச்சு.”

“அதான் கேக்கறேன்.”

மூன்றாவது கத்தல் வந்தது. நான் அப்பாவின் கால்மேல் இருந்த போர்வையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே இருந்தேன். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அம்மா சுவரில் சாய்ந்திருந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத கண். அந்தக் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “காலைல இருந்து தவிடு வைக்கல. பசிக்குது அதுக்கு.”

“பசிக்கு இப்படியா...”

“பசிக்குத்தான்,” என்றாள் அம்மா. பிறகு என்னைப் பார்த்து, “போய் வச்சுட்டு வா,” என்றாள்.

காலையில் தவிடு வைத்தவளே அம்மாதான். ஆஸ்பத்திரியிலிருந்து வண்டி வருவதற்கு முன்னால், நான் வாளி தூக்க, அவள் ஏழு தொட்டியிலும் கொட்டிக் கலக்கினாள்.

கொட்டகைக்கு ஓடினேன். செவலைக்குப் பக்கத்தில் கட்டியிருந்த கறுப்பு மாடு கயிற்றை அவிழ்த்துக்கொண்டு அதன் முதுகில் ஏறியிருந்தது. செவலை நகரவில்லை. நான்கு காலையும் ஊன்றி, வாலை ஒதுக்கி, சிலை மாதிரி நின்றது.

அப்படி நின்றால்தான் பருவத்துக்கு வந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குத்தான் பார்க்கச் சொல்வார் அப்பா. “மேல ஏறுற மாட்டைப் பாக்காத. எது நிக்குதுன்னு பாரு. ஏறுறது யாரு வேணா ஏறும். நிக்கறதுதான் விஷயம்.”

அதுதான் வீட்டில் என் வேலை. பால் கறப்பதற்கு முன்னால், காலையில் இருபது நிமிடம், சாயங்காலம் இருபது நிமிடம், மாடுகளை அவிழ்த்துவிட்டுக் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து பார்க்க வேண்டும். காளையை மாடுகளோடு விட்டுவைத்தால் இந்த வேலையே இல்லை. ஆனால் அது சின்னக் கிடேரிகளையும் விடாது, எது எப்போது சினையானது என்றும் தெரியாது. அதனால் தனித் தொழுவம், இரும்புக் கதவு.

காளைக்குப் பெயர் மாப்பிள்ளை. வாங்கிக்கொண்டு வந்த அன்று ஒரு தொட்டித் தவிட்டைத் தின்றுவிட்டு யாரையும் பார்க்காமல் படுத்துக்கொண்டது. “வந்ததும் சாப்பிட்டுப் படுத்தாச்சு. மாப்பிள்ளையேதான்,” என்றாள் அம்மா. அதுவே நிலைத்துவிட்டது. சினை ஊசி போட வரும் மாட்டு டாக்டர் ஒவ்வொரு தடவையும் கேட்பார், இதுக்கு எதுக்குங்க உக்கார வச்சு சோறு போடறீங்க என்று. “உங்க ஊசி ரெண்டு தடவை ஏமாத்திடுச்சு சார். மாப்பிள்ளை இன்னும் ஏமாத்தல,” என்பார் அப்பா.

தீவன அறைக் கதவின் உள்பக்கம் முழுக்க அப்பாவின் சாக்பீஸ் எழுத்து. மாட்டின் பெயர், பருவம் வந்த தேதி, காளைக்கு விட்ட தேதி. போன தடவை செவலை வந்ததை நான் கவனிக்கவில்லை. கவனித்தபோது அடங்கிவிட்டிருந்தது. அப்பா திட்டவில்லை. வந்த தேதியை மட்டும் எழுதிவிட்டு, “இருபத்தொரு நாள் போச்சு. சரி விடு,” என்றார். திட்டியிருக்கலாம்.

முந்தாநாள்தான் அந்த இருபத்தொன்றாவது நாள். அன்றைக்குக் காலையில் நான் எழுந்திருக்கவில்லை. தேர்வுக்குப் படித்துவிட்டு அப்படியே தூங்கிப்போனேன். அம்மா பால் கறக்கும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன். கொட்டகை வாசலில் நின்று கண்ணைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது அப்பா கேட்டார்.

“செவலை எப்படி?”

கதவில் தேதி இருந்தது. கணக்குப்படி அன்றைக்குத்தான் வர வேண்டும். இன்னொரு தடவையும் பார்க்காமல் விட்டுவிட்டேன் என்று எப்படிச் சொல்வது?

“நின்னுச்சுப்பா. கறுப்பு ஏறிச்சு. நின்னுச்சு.”

அவர் முகம் அப்படி ஒரு நிம்மதியாயிற்று. சாக்பீஸை எடுத்து உடனே எழுதினார்.

சாயங்காலம் செவலையைக் காளைத் தொழுவத்துக்குள் விட்டார்கள். மாப்பிள்ளை மோந்து பார்த்தது, பின்னாலேயே போனது, ஏறப் பார்த்தது. செவலை நழுவியது. மறுபடியும் ஏறியது, மறுபடியும் நழுவியது. மூன்று தடவை.

காளை உள்ளே இருக்கும்போது ஆள் உள்ளே போகக் கூடாது என்பது அப்பாவே வைத்த சட்டம். கதவுக்கு வெளியே நின்றபடி என் பக்கம் திரும்பினார்.

“நல்லாப் பாத்தியாம்மா? நின்னுச்சா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். வாயில்வரை வந்தது. ஆனால் காலையில் அந்த முகத்தைப் பார்த்திருந்தேன்.

“நின்னுச்சுப்பா.”

“அப்ப சும்மா பிகு பண்ணுது,” என்று சிரித்தார். கயிற்றைப் பிடித்துச் செவலையை நிறுத்தலாம் என்று கதவைத் திறந்து உள்ளே போனார்.

காளை அவரை முட்டக்கூட இல்லை. செவலை விலகி ஓடிய பக்கம் அது திரும்பியது, அவ்வளவுதான். நடுவில் அப்பா இருந்தார். அவருக்குப் பின்னால் இரும்புக் கதவு.

தானாகவே வெளியே வந்தார். திட்டில் உட்கார்ந்தார். “ஒண்ணுமில்ல. மூச்சுதான் கொஞ்சம்...” என்றவர், என்னைப் பார்த்து, “கதவைப் பூட்டு,” என்றார். பூட்டிவிட்டுத் திரும்பியபோது சாய்ந்திருந்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. நேற்று விடிகாலையில் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது; பிரேதப் பரிசோதனை முடித்து இன்றைக்குத்தான் கொடுத்தார்கள்.

இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்லவில்லை. எல்லாரும் காளையைத்தான் சொல்கிறார்கள்.

கறுப்பை இழுத்துக் கட்டினேன். ஏற்கெனவே நிறைந்திருந்த தொட்டியில் இன்னும் கொஞ்சம் தவிட்டைப் போட்டேன். செவலை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் வாயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். “கத்தாதடி,” என்றேன். “இன்னைக்கு மட்டும் கத்தாதடி.” என் கைக்குள்ளேயே கத்தியது.

நான்கு மணிக்கு வண்டி வந்து அப்பாவை மயானத்துக்குக் கொண்டுபோனது; அம்மாவும் நானும் கூடவே போனோம். எல்லாம் முடிந்து திரும்பும்போது பெரியப்பா வண்டியிலேயே பேசி முடித்துவிட்டார்.

“வியாபாரிகிட்ட சொல்லிட்டேன். காலைல லாரி வரும். அந்தக் கொலைகாரனை இன்னொரு நாள் வீட்ல வச்சிருக்கக் கூடாது.”

அம்மா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். “அதுக்கு என்ன தெரியும்,” என்றாள்.

“மாட்டுக்குப் பரிஞ்சு பேசற நேரமா இது?”

“பேசலையே.”

வீட்டுக்கு வந்ததும் அவள் உட்காரவில்லை. மடி கனத்துப்போய் மாடுகள் காத்திருந்தன. யார் செத்தாலும் பால் இறங்கத்தானே செய்யும். உதவ வந்த பக்கத்து வீட்டுக்காரி, “நீ படு, நான் கறக்கறேன்,” என்றாள். “உன் கைக்கு விடாது,” என்று சொல்லிவிட்டு அம்மா வாளியை எடுத்துக்கொண்டாள். நான் பின்னாலேயே போனேன்.

ஆறு மாட்டைக் கறந்து முடித்தாள். கடைசியில் செவலையிடம் வந்தாள். அது நிலைகொள்ளாமல் மிதித்துக்கொண்டிருந்தது. அம்மா அதன் வாலைத் தூக்கிப் பார்த்தாள். பருவத்துக்கு வந்த மாட்டுக்கு ஒழுகும் சளி, கண்ணாடி மாதிரி நீண்டு தொங்கியது. வாலை விட்டாள். உட்கார்ந்து கறந்தாள். பால் பாதிதான் இருந்தது.

“மாப்பிள்ளைக்குத் தண்ணி வச்சியா?”

“வச்சேன்மா.”

“தவிடும் வை. நாளைக்குத் தூரம் போகணும் அது.”

வைத்துவிட்டு வந்தபோது அம்மா தீவன அறையில் இருந்தாள். கதவைச் சாத்தி, அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் எழுத்தில் கடைசி வரி: செவலை. பக்கத்தில் முந்தாநாள் தேதி. அதற்குப் பக்கத்தில் காளை என்று எழுதி ஒரு டிக்.

அம்மா உள்ளங்கையை வைத்து அந்தத் தேதியையும் டிக்கையும் அழித்தாள். பெயரை அழிக்கவில்லை. வெள்ளையாகிப்போன கையைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு ஆணியில் தொங்கிய டப்பாவிலிருந்து சாக்பீஸை எடுத்து என் கையில் வைத்தாள். அப்பா கடைசியாகப் பிடித்த துண்டு. ஒரு பக்கம் சாய்வாகத் தேய்ந்திருந்தது.

குரலில் கோபம் இல்லை. எதுவுமே இல்லை. கறந்து முடித்த களைப்பு மட்டும்தான்.

“நீதானே பாத்துக்கற. எழுது,” என்றாள். “செவலைக்கு எந்தத் தேதி?”