எலும்பின் மேல் ஒரு சவ்வு

மௌரீன் அக்கா எண்ணெயைச் சுடவைத்து எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் அவள் தம்பி சிரில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான். பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவள் உள்ளங்கையில் தலை உருண்டவர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, எண்ணெய் தடவி, எப்பேர்ப்பட்ட கோணல் மண்டையையும் நீவி நீவிப் பந்தாக்கிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைக் கோயிலில் பின்வரிசையிலிருந்து பார்த்தால் தர்பூசணி வண்டியைப் பார்ப்பது போலத்தான் இருக்கும். அவளிடம் வேண்டாம் என்று சொன்னவர் எவருமில்லை. அவள் புருஷன் ஒருமுறை வாயைத் திறந்தார். பிறகு கொட்டாவி என்று சமாளித்துவிட்டார்.

போன வாரம் பிறந்த சிரிலின் மகனுக்குத் தலையின் வலப்பக்கம் எலுமிச்சம்பழம் போல ஒரு வீக்கம். மண்டையோட்டின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வுக்கு அடியில், பிரசவ நெருக்கலில் ரத்தம் கசிந்து தேங்கியிருக்கிறதாம். அந்த ஓர் எலும்பின் ஓரங்களைச் சவ்வு இறுகப் பிடித்திருப்பதால் வீக்கம் தாண்டிப் பரவாது, தானே வற்றும். அமுக்கவோ தேய்க்கவோ கூடாது என்றார் டாக்டர். மனைவி சிந்தியா கூடுதலாக ஒன்று சொன்னாள்: "உங்க அக்கா கை பட்டுச்சுன்னா நானும் புள்ளையும் அடுகோடிக்கு, எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவோம். நீங்களே சொல்லிடுங்க."

காலை முழுக்கக் குளியலறைக் கண்ணாடியிடம் சொல்லிப் பழகினான். கண்ணாடிக்கே வியர்த்தது.

அக்கா பிள்ளையைக் காலில் கிடத்தினாள். "அய்யோ, என்னடா மண்டை இது, பலாப்பழம் மாதிரி! சும்னே கவனிக்காம விட்டா இப்படியே நின்னுடும்."

எண்ணெய்க் கை இறங்கியது. பழகியதெல்லாம் மறந்து, சிரில் சட்டென்று மண்டியிட்டுத் தன் தலையைக் குறுக்கே நீட்டினான். வழுக்கையில் பளாரென்று விழுந்தது கை.

"லூசாடா நீ?"

"உருட்டுறதுன்னா என்னோடத உருட்டுக்கா."

"உன்னோடத அப்பவே உருட்டியாச்சு. அம்மா மார்க்கெட் போனப்ப."

"அதான் பெங்களூர்ல ஒரு ஹெல்மெட்டும் சேர மாட்டேங்குது."

உள்ளறையில் சிந்தியா சிரித்து, பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா சிரிக்கவில்லை. சிரில் தலை நிமிராமலே சொன்னான்: "உள்ள ரத்தம் இருக்குக்கா. எலும்பு மேல ஒரு சவ்வு அதப் புடிச்சு வெச்சிருக்கு. தானா வத்திடும். அமுக்கினா ஆபத்துன்னு டாக்டர் சொன்னாரு. வேணாம்."

அக்கா குனிந்து வீக்கத்தைப் பார்த்தாள்.

"நான் உருட்டின புள்ளைங்கள்ல," என்றாள் அக்கா மெல்ல, "யாருக்காச்சும் இது இருந்திருக்குமாடா?"

சிரில் தலையை விலக்கி நிமிர்ந்தான். கிண்ணம் போல் குவிந்த அவள் கை, வீக்கத்தைத் தொடாமல், ஒரு விரல் உயரத்தில் அப்படியே நின்றது. பிள்ளை தூக்கத்தில் உதட்டைச் சப்பிக்கொண்டது. அவள் சுண்டுவிரல் நுனியில் ஒரு துளி எண்ணெய் திரண்டு கனத்துத் தொங்கியது. சிரில் அதற்கடியில் தன் உள்ளங்கையை நீட்டினான்.