ஆனந்த மேளாவில் ரச வடை

மாதங்கியின் ரச வடையைக் குறை சொல்ல கொல்கத்தாவின் சால்ட் லேக் குடியிருப்பில் யாருக்கும் வாய் வந்ததில்லை. துர்கா பூஜைக்கு முன்னால் அங்கே ஆனந்த மேளா நடக்கும். வீட்டுப் பெண்கள் தாங்களே சமைத்துக் கொண்டுவந்து பந்தலடியில் கடை போடுவார்கள். முதல் பரிசும் உண்டு. வங்கி வேலையில் பதவி உயர்வுக்குக்கூட மாதங்கி இந்தப் பரிசுக்குப் போல ஆசைப்பட்டதில்லை. வருஷா வருஷம் அண்டா காலியாகும், "தாருண்!", அதாவது பிரமாதம், என்று எல்லோரும் புகழ்வார்கள், பரிசு மட்டும் குடியிருப்பே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடும் எதிர்வீட்டு ஷர்மிளாவின் வாழைப்பூ கட்லெட்டுக்குப் போய்விடும்.

இந்த வருஷம் மேளா நெருங்கும்போது பௌதி அவளை மாடிப்படியில் நிறுத்தினாள். பேச்சு வங்க மொழியில்தான்.

"கோவிச்சுக்காதே மாதங்கி. உன் ரச வடை மேளாவுக்குச் சரிப்படல."

"ஏன், ருசி இல்லையா?"

"ருசிக்கென்ன! ஆனா ஜனங்க நின்னுக்கிட்டு, நடந்துக்கிட்டு சாப்பிடறாங்க. ஊறின வடை ஸ்பூன் பட்டாலே உதிருது. புதுப் புடவையில ரசம் சொட்டுது. ரெண்டு வாய் தின்னுட்டு அப்படியே வெச்சிட்டுப் போறாங்க. உன் மனசு நோகுமேன்னு யாரும் சொல்றதில்ல."

மாதங்கிக்குச் சுருக்கென்றது. விறுவிறுவென்று வீட்டுக்கு வந்து கணவன் ஜெய்ராமிடம் பொரிந்து தள்ளினாள். "எல்லாம் பொறாமை!"

"வருஷா வருஷம் பரிசு வாங்கறவளுக்கு உன் மேல என்னடி பொறாமை? போன தடவை நாற்காலிக்கு அடியிலெல்லாம் பாதி வடையோட கிண்ணம் கெடந்தது. நான்தான் எடுத்துப் போட்டேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொல்லிட்டு பூஜை முழுக்க யார் சமையலைச் சாப்பிடறது?"

அண்டா காலியானதைப் பார்த்துப் பூரித்தாளே தவிர, வாங்கியவர்கள் தின்றார்களா என்று அவள் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தாள். கோபமெல்லாம் ஆறிய பிறகும் பௌதி சொன்னது மட்டும் அப்படியே நின்றது. போட்டிக்காரி சொன்னாள் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடுமா என்ன?

மேளாவில் மாதங்கியின் கடையில் காகிதப் பொட்டலத்தில் மொறுமொறு மிளகு வடை, ஓரத்தில் டீக்கடை மண் குவளையில் சூடான ரசம். ஒரு கடி, ஒரு மடக்கு. நின்றவர்கள் நகரவில்லை. முதல் பரிசு மாதங்கிக்கே கிடைத்தது. மேடையிலிருந்து இறங்கியபோது அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பௌதி வந்தாள், கையில் கட்லெட் தட்டோடு. "இப்ப நீ சொல்லு. இதுல என்ன குறை?"

"தாருண்" நாக்கு நுனியில் தயாராக நின்றது. மாதங்கி அதை விழுங்கினாள்.

"பௌதி, வாழைப்பூவுல கள்ளனைச் சரியா எடுக்கல. நரம்பு பல்லுல மாட்டுது. ரொம்ப வருஷமாவே மாட்டுது."

பௌதியின் முகம் சுண்டிப்போனது. தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து மென்றாள். கடைவாயில் விரலை விட்டு, நரம்பு ஒன்றை இழுத்து எடுத்தாள்.

"அடுத்த வருஷம் இது ஒண்ணு இருந்தா என் பேரை மாத்திக்கறேன்," என்றவள், மாதங்கியின் வடை ஒன்றை எடுத்துக் கடித்தாள். "மிளகு கொஞ்சம் தூக்கல்."

மாதங்கிக்கு மறுபடியும் சுருக்கென்றது. உடனே பெருமையாகவும் இருந்தது. பரிசு யாருக்கு வேண்டுமானாலும் கிடைக்கும். முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல ஒருத்தி கிடைப்பாளா?