பச்சைத் திரைக்கு அர்த்தம் இல்லை

1

என் போன கதையில் ஒரு மஞ்சள் வாளி வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு வாசகர் போன் செய்து கேட்டார். எங்கள் வீட்டுக் குளியலறை வாளி மஞ்சள், வேறொன்றும் இல்லை என்றேன். "அப்படித்தான் சொல்வீங்க, புரியுது சார்" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். அவரோடு மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. போனை வைத்துவிட்டு இந்தக் கதையை ஆரம்பித்தேன்.

2

முதல் தொடக்கம்: "தலைவரின் ஒவ்வொரு அசைவிலும் ஒரு ரகசியம்..." வேண்டாம். செய்திச் சேனல் வாடை அடிக்கிறது.

இரண்டாவது: ஓர் அரசியல் தலைவரின் அலுவலகத்தில் வாராவாரம் அவர் பேசும் வீடியோவை எடுத்து இணையத்தில் ஏற்றுவது ஒரு பெண்ணின் வேலை. விளக்கு, மைக், பின்னால் தொங்கும் திரை எல்லாம் அவள் பொறுப்பு. வழக்கமான நீலத் திரையில் டீ கொட்டி அது சலவைக்குப் போயிருந்தது. அலமாரியில் கைக்கு அகப்பட்ட பச்சைத் திரையை மாட்டினாள். அது கொஞ்சம் குட்டை. கீழே சுவர் தெரியாமல் இருக்க கேமராவை உயர்த்திக்கொண்டாள். தலைவர் எதையும் கவனிக்கவில்லை. "பொறுமையாக இருங்கள்" என்று பேசிவிட்டுப் போனார்.

(எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். உங்களுக்குப் பிடிக்காத கட்சி என்றே வைத்துக்கொள்ளுங்கள், கதை ஓடும்.)

3

தலைவர் வெளிப்படையாக ஒன்று பேசி, தன்னவர்களுக்கு மறைவாக வேறொன்று சொல்கிறார் என்று நம்பும் குழு ஒன்று இணையத்தில் இருக்கிறது. அன்று சாயங்காலமே அவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பச்சை, ஆபரேஷன் தியேட்டரின் நிறம். பொறுமை என்றால் தள்ளிப்போடு. ஆக, அடுத்த சைகை வரும்வரை யாரும் கத்திக்கு உடம்பைக் கொடுக்கக்கூடாது.

இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குழுவில் திரை மாட்டிய பெண்ணின் அண்ணனைச் சேர்த்தேன். லிஃப்ட் பழுதுபார்ப்பவர். மனைவியை இழந்தவர். இதய வால்வு கெட்டுப்போய் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருப்பவர். அதன்பின் சிரிப்பு வரவில்லை.

4

அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஆஸ்பத்திரிக்கென்று கட்டிவைத்த பையைப் பிரித்து, துணிகளை அவர் மறுபடி பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தார். குனிந்து நிமிர்வதற்குள் மூச்சு வாங்கியது.

"அண்ணா, அந்தத் திரையை மாட்டினது நான்தான்."

"தெரியும்மா."

"நீலத்துல டீ கொட்டிடுச்சு. அதான் பச்சை."

"பச்சையை எடுத்து மாட்டுன்னு உங்கிட்ட யார் சொன்னா?"

"யாருமே சொல்லலண்ணா."

"அதைத்தான் நானும் சொல்றேன். யாருமே சொல்லாம உன் கை அதுக்குப் போயிருக்கு பாரு."

அவள் ஆத்திரத்தில் அவர் போனைப் பிடுங்கிச் சுவரில்... இல்லை, அவள் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. அவளுக்கென்று இருப்பது அந்த ஒரே அண்ணன். மீதித் துணிகளை மடித்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

5

முடிவு ஒன்று: அடுத்த வீடியோவில் வெள்ளைத் திரை. தடை நீங்கியது என்கிறது குழு. அண்ணன் ஆபரேஷனுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறார். எனக்கும் இதுதான் ஆசை. ஆனால் குழுவில் அவர் ஒருவர் மட்டுமா இருக்கிறார்? வெள்ளை என்றால் மாத்திரையை நிறுத்து என்று எங்கோ ஒருத்தி முடிவுகட்டிவிட்டால்? அவளுக்கும் ஒரு தங்கை இருப்பாள்.

முடிவு இரண்டு: சலவையிலிருந்து வந்த நீலமே மறுபடி. வழக்கமான நிறம், சைகை ஆகாது. அண்ணன் காத்திருக்கிறார். வால்வு அதிக நாள் தாங்காது என்று டாக்டர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

முடிவு மூன்று: அவள் வேலையை விட்டுவிட்டு (இது தப்பித்தல். எனக்கு வேண்டுமானால் சௌகரியம், அண்ணனுக்கு அல்ல.)

6

இதற்குமேல் ஓடவில்லை. கிடப்பில் போட்டுவிடலாம் என்றிருந்தேன். அப்போது அண்ணன் அவளுக்குப் போன் செய்தார். நான் இதைத் திட்டமிடவில்லை.

"அடுத்த வீடியோ நாளைக்குத்தானே?"

"ஆமாண்ணா."

"திரை நீதானே மாட்டுவே?"

"நான்தான்."

அவருக்கு மூச்சு வாங்கியது.

"உங்க அண்ணி ஆபரேஷன் டேபிள்லதானேம்மா போனா. எனக்குக் கத்தின்னாலே உதறுது. நாளைக்கு வேற கலர் ஏதாவது போடேன். போயிட்டு வந்துடறேன். நான் கேட்டதாலதான் போட்டேன்னு மட்டும் எங்கிட்ட சொல்லிடாதே."

 அவளை என்ன சொல்லவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் நடிக்க அலுப்பாக இருக்கிறது. அவர் போனை வைக்காமல் காத்திருக்கிறார். நீங்களாவது ஏதாவது சொல்லுங்கள்.