தானாக இறங்கும் விளக்கு

அண்ணி இரண்டாவது முறையும் தோற்றுவிட்டார்.

பதினோரு வருடமாக இந்த ஊருக்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன் நான். வாத்தியார் என்றால் கடைக்காரர் முதல் தபால்காரர் வரை என்னைத்தான் காட்டுவார்கள். சொந்த அண்ணன் மனைவியை ஒரு தேர்வில் கரையேற்ற முடியவில்லை.

பகல் தேர்வை அண்ணி ஒரே மூச்சில் முடித்துவிட்டார். இருட்டிய பிறகு நடக்கும் இரண்டாம் பகுதிதான் வம்பு. இந்த வருடம்தான் அதைப் புதிதாகக் கொண்டுவந்தார்கள். கொண்டுவரச் சொல்லிப் போக்குவரத்து அலுவலகத்துக்கு ஏழு கடிதம் எழுதியவன் நான்தான் என்பதை அண்ணியிடம் இன்றுவரை சொல்லவில்லை. ஹைபீம் போட்டுக்கொண்டு எதிரே வருகிறவர்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஊரறிந்தது. என் பயிற்சிக் காரின் பின்கண்ணாடியில் ‘எதிரே வருவதும் மனிதன்தான், டிம் பண்ணு’ என்று ஒட்டி வைத்திருக்கிறேன். கடிதத்தில் கொஞ்சம் காட்டமாகவே எழுதுவேன்.

அண்ணியின் தேர்வுத் தாளில் ஆய்வாளர் எழுதியிருந்தார்: ‘எதிரே வாகனம் வந்தபோது ஹைபீமைத் தாழ்த்தவில்லை. நான்கு முறை.’ நான்குக்குக் கீழே ஒரு கோடு வேறு. முதல் தேர்விலும் இதே வாக்கியம்தான். போன மாதம் தோற்ற என் மாணவர்கள் மூன்று பேருக்கும் இதையே எழுதியிருந்தார். அந்த மனிதருக்கு என் பள்ளியைக் கண்டாலே ஆகவில்லை என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்றவர்கள் தோற்றால் இன்னொரு மாதம் வருவார்கள். அண்ணிக்கு அந்த வசதி இல்லை. அவர் நர்ஸ். பிறந்த குழந்தைகள் பிரிவில் இருபது வருடமாக இரவு வேலை. ஒன்றாம் தேதி முதல் மருத்துவமனை ஊருக்கு வெளியே, புறவழிச்சாலையைத் தாண்டிப் புதுக் கட்டிடத்துக்குப் போகிறது. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. சொந்தமாக வந்துபோக முடியாதவர்களைப் பழைய கட்டிடத்தின் பதிவேட்டு அறையில் உட்காரவைத்துவிடுவார்கள்.

“காகிதக் கட்டத் தோள்ல போட்டுத் தட்டிக் குடுக்க முடியுமா தம்பி?” என்று ஒருமுறை கேட்டார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியிருந்தாலாவது தேவலை.

நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றும் சொல்லிப் பார்த்தேன். “தினம் ஒருத்தர் கையப் புடிச்சுட்டு வேலைக்குப் போறதுக்கா எனக்கு இத்தன வயசாச்சு?” என்றார். என்னுடைய பழைய கார் ஒன்றை அவருக்காகத் துடைத்து வாசலில் நிறுத்தியிருந்தேன். அது அவரைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. அதற்குள் இன்னும் ஒரே ஒரு தேர்வு.

தோற்ற அன்று தேர்வு மைதானத்திலிருந்து திரும்பும்போது கேட்டேன்:

“அண்ணி, நம்ம பயிற்சியில ஒரு நாள்கூட இந்தத் தப்பு வரலையே. எதுக்க வண்டி வந்தா லைட்டு டக்குனு இறங்குதே.”

“அதான் எனக்கும் புரியல தம்பி. உங்ககூட வந்தா தானா இறங்கிடுது. அந்த ஆளு உக்காந்தா இறங்க மாட்டேங்குது.”

“தானாவா?”

“ஏன், இது ஆட்டோமேட்டிக் இல்லையா?”

என் பயிற்சிக் கார் ஆட்டோமேட்டிக்காகச் செய்யும் ஒரே காரியம் நடுவழியில் நிற்பதுதான். ஆனால் அண்ணி பொய் சொல்கிறவர் இல்லை. மறுநாள் காலை வண்டியை எலெக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். எங்கோ ஒயர் உரசுகிறது, விளக்கு தன்னிஷ்டத்துக்கு இறங்குகிறது என்று நானாக ஒரு முடிவும் கட்டியிருந்தேன். அரை நாள் பிரித்துப் போட்டுவிட்டு அவர் தலையை வெளியே நீட்டினார்.

“ஒயரெல்லாம் கல்லு மாதிரி இருக்கு வாத்தியாரே. ஆனா ஸ்டீயரிங்குக்குக் கீழ இருக்குற லைட்டு குச்சியப் பாருங்க. இந்தப் பக்கம் மட்டும் தேஞ்சு வழவழன்னு ஆயிடுச்சு. டிரைவர் பக்கம் புதுசாட்டம் இருக்கு.”

“பசங்க அமுக்குற அமுக்கு அப்படி” என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அறிவு அப்போதே வாசல் வரை வந்துவிட்டது. நான்தான் கதவைத் திறக்கவில்லை.

அன்று சாயங்காலப் பயிற்சியில் மனைவியும் ஏறிக்கொண்டாள். அவள் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். மூடும் நேரத்துக்கு நாங்கள் அந்த வழியாக வந்தோம். பின் இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சத்தமில்லாமல் அவள் உட்கார்ந்தால் எனக்கு ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம். மூன்று வண்டிகள் எதிரே வந்து போயின. மூன்று முறையும் விளக்கு அழகாக இறங்கியது.

“பாத்தியா, என்ன குறை இதுல?” என்றேன்.

“ஏங்க, உங்க கை அங்க என்ன பண்ணுது?”

“எந்தக் கை?”

“உங்களுக்கு எத்தன கை இருக்கு? அதோ, அந்தக் கை.”

குனிந்து பார்த்தேன். என் கை ஸ்டீயரிங்குக்குக் கீழே, என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் விளக்குக் குச்சியின் மேல், சொந்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது.

“அக்கா, இப்ப லைட்ட எறக்குனது நீங்களா?” என்று மனைவி அண்ணியிடம் கேட்டாள்.

“நான் ரெண்டு கையாலயும் ஸ்டீயரிங்கத்தானே புடிச்சிருக்கேன்” என்றார் அண்ணி. பிறகு வண்டியை ஓரமாக நிறுத்தி, என் பக்கம் மெதுவாகத் திரும்பினார். “தம்பி... நீங்கதானா அந்த ஆட்டோமேட்டிக்கு?”

பயிற்சிக் காரில் என் காலடியில் ஒரு பிரேக்கும் கிளட்சும் உண்டு. மாணவர் தடுமாறினால் நான் மிதித்துவிடலாம். விளக்குக்கு மட்டும் எனக்கென்று தனிக் குச்சி கிடையாது. என்றைக்கோ ஒரு நாள் மாணவர் டிம் பண்ண மறந்திருப்பார். எதிரே வருகிறவருக்குக் கண் கூசுமே என்று என் கை நீண்டிருக்கும். நீண்ட கை பதினோரு வருடம் மடங்கவில்லை. எனக்குத் தெரியாமலே என் கை தனியாக ஒரு வேலைக்குப் போய் வந்திருக்கிறது. ஆய்வாளர் என் இடத்தில் உட்கார்ந்தார். அவர் கை அவர் மடியில் இருந்தது. அவ்வளவுதான் அவர் செய்த அநியாயம்.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. என்னிடம் கற்றுக்கொண்டு போனவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். மருந்துக் கடைக்காரர், பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை, லாண்டரிக்காரரின் இரண்டு மகன்கள், என் வீட்டு எதிர்வீட்டுக்காரர். ஒருவருக்கும் நான் டிம் பண்ணக் கற்றுக்கொடுக்கவில்லை. இந்த ஊரில் இத்தனை காலமாக எதிரே வந்து என் கண்ணைக் குத்தியதெல்லாம் என் கைவண்ணம். ஏழு கடிதங்களிலும் ‘இவர்களுக்கெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது?’ என்று மறக்காமல் கேட்டிருந்தேன்.

“தூங்குங்க” என்றாள் மனைவி. “எட்டாவது கடிதத்த நாளைக்கு எழுதிக்கலாம்.”

கையைக் கட்டிப்போடுவது சொல்வதுபோல் சுலபமில்லை. தொடைக்குக் கீழே வைத்து அழுத்தி உட்கார்ந்தேன். எதிரே வெளிச்சம் தெரிந்ததும் அது உருவிக்கொண்டு போய்விட்டது. கடைசியில் மனைவிதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி அந்தக் கையில் கொடுத்தாள்.

“இது சிந்தாம வந்தா அக்கா தானா ஓட்டுறாங்கன்னு அர்த்தம்.”

முதல் நாள் பாதித் தண்ணீர் என் மேல். இரண்டாம் நாள் முழுசும். வீட்டில் இறங்கியபோது அண்ணன் வாசலில் நின்றிருந்தான். அவனுக்கு ஸ்டீயரிங்கைப் பார்த்தாலே தலை சுற்றும். பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

“என்னடா இது, வண்டி ஓட்டுறது அவ, பயந்து நனைச்சுக்கிறது நீயா?”

மூன்றாம் நாள் டம்ளர் நிறைந்தபடியே வந்தது. ஆனால் விளக்கு இறங்கவே இல்லை. எதிரே வந்த வண்டிகளெல்லாம் எங்களைப் பார்த்துக் கண்ணடித்தன, ஹாரன் அடித்தன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, அண்ணி முன்னால் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார்.

“அண்ணி, டிம்! டிம் பண்ணுங்க!”

“பண்ணுனா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது தம்பி. கெணத்துக்குள்ள போற மாதிரி இருக்கு.”

“பண்ணாட்டி அவருக்குத் தெரியாது.”

“அவருக்குத் தெரியாட்டி அவரு மெதுவா வரட்டுமே!”

எனக்குப் பொறுமை போய்விட்டது. “உங்க வார்டுலயும் இப்படித்தான் லைட்ட முகத்துல அடிச்சிட்டுப் போவீங்களா?” என்று கத்திவிட்டேன். கத்திய வேகத்தில் டம்ளரும் கவிழ்ந்தது.

அண்ணி வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, எஞ்சினையும் அணைத்தார். அழப்போகிறாரோ என்று நினைத்தேன்.

“வார்டுல பெரிய லைட்டு போட மாட்டோம் தம்பி” என்றார். “டார்ச் வச்சிருப்பேன். தொட்டிலுக்குத் தொட்டில் நடக்கிறப்போ முன்னால தரையில அடிச்சிட்டுப் போவேன். பக்கத்துல போனா காலுகிட்ட எறக்கிடுவேன். முகத்துல பட்டா ஒண்ணு முழிச்சு அழும், அது அழுதா எட்டும் அழும்.”

“அப்ப உங்களுக்கு இருட்டுல எப்படித் தெரியும்?”

“ரெண்டு அடிதானே தெரியணும்? மெதுவா நடப்பேன்.” சட்டென்று என் பக்கம் திரும்பினார். “அடக் கடவுளே, இதத்தான் இத்தன நாளா சொல்லிட்டிருக்கீங்களா? மொதல்லயே டார்ச்சுன்னு சொல்றதுக்கு என்ன?”

பதினோரு வருட அனுபவம் ஈரப் பேன்ட்டோடு உட்கார்ந்திருந்தது.

அதன் பிறகு வந்த முதல் லாரிக்கு அண்ணி காலை பிரேக்குக்குக் கொண்டுபோனார், வேகத்தைக் குறைத்தார், விளக்கை இறக்கினார். லாரி தாண்டியதும் ஏற்றினார். “தூங்குப்பா” என்று லாரியைப் பார்த்துச் சொன்னதாகவும் எனக்கு ஞாபகம்.

தேர்வு நாளன்று நான் மைதானத்துச் சிமென்ட் பெஞ்சில் காத்திருந்தேன். காரில் இல்லாவிட்டாலும், சாலையில் வெளிச்சம் தெரியும்போதெல்லாம் என் கை காற்றில் எதையோ தட்டியது. பக்கத்தில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார். அரை மணி நேரத்தில் வண்டி திரும்பியது. ஆய்வாளர் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

“நிறுத்துறப்போ கோட்ட மிதிச்சிட்டாங்க.”

நான் பெஞ்சிலிருந்து எழுந்தேன்.

“அது ஒண்ணுதான். விட்டுட்டேன்.” தாளை நீட்டினார். “உங்க பள்ளியிலேருந்து வந்ததுல லைட்ட எறக்குன மொதல் ஆளு இவங்கதான். என்ன பண்ணுனீங்க?”

“ஒண்ணும் பண்ணலங்க” என்றேன். அவ்வளவு உண்மையாக நான் யாருக்கும் பதில் சொன்னதில்லை.

ஒன்றாம் தேதி இரவு ஏழேகால் மணிக்கு அண்ணி பழைய காரில் தனியாகக் கிளம்பினார். யாரும் கூட வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சரி என்று தலையாட்டிவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துப் பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவருக்குத் தெரியாமல் தூரத்தில் இருந்து பார்ப்பதாகத் திட்டம்.

புறவழிச்சாலையில் விளக்குக் கம்பமே இல்லை. அண்ணியின் கார் நூறடி முன்னால் போனது. எதிரே வண்டி வரும்போதெல்லாம், ஓரத்து மரங்களின் உச்சிவரை ஏறியிருந்த அவருடைய வெளிச்சம் சட்டென்று தரைக்கு இறங்கியது. ஒன்று, இரண்டு, ஐந்து. எனக்கு மார்பு விரிந்தது. ஆனால் எதிரே வருகிறவர்கள் அடங்கவில்லை. ஒருவர் தவறாமல் கண்ணடித்தார்கள், ஹாரன் அடித்தார்கள்.

“அதான் டிம் பண்ணியாச்சேடா! இதுக்கு மேல என்னடா பண்ணணும்?” என்று கண்ணாடிக்குள்ளிருந்தே ஒவ்வொருவரையும் திட்டினேன். என்ன ஊர் இது! ஒழுங்காக ஓட்டுகிற பெண்ணை ஒழுங்காக ஓட்டவிட மாட்டார்கள். எட்டாவது கடிதத்தின் முதல் வரிகூட மனதில் வந்துவிட்டது.

அண்ணியின் கார் இண்டிகேட்டர் போட்டு ஓரமாக நின்றது. போச்சு, என்னமோ ஆகிவிட்டது என்று பதறி நானும் பின்னால் நிறுத்தினேன். அவர் இறங்கி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நடந்து வந்தார். கதவைத் திறந்து என் பக்கத்து இருக்கையில், பதினோரு வருடமாக நான் உட்காரும் இருக்கையில், உட்கார்ந்தார்.

“எப்படிக் கண்டுபுடிச்சீங்க அண்ணி?”

“கூரை மேல உங்க பள்ளிக்கூட போர்டு எரியுது தம்பி.”

அதை அணைக்க மறந்திருந்தேன். அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. கையை நீட்டி, தேய்ந்து வழவழப்பாக இருந்த பக்கத்தில் விரலை வைத்து, என் விளக்குக் குச்சியைத் தட்டினார். முன்னால் நின்ற அவருடைய காரின் மேல், அதைத் தாண்டி மரங்களின் மேல், வெள்ளையாக அடித்துக்கொண்டிருந்த வெளிச்சம் தரைக்கு இறங்கியது. டாஷ்போர்டில் அத்தனை நேரம் எரிந்துகொண்டிருந்த ஹைபீமின் நீலப் புள்ளி அணைந்தது.

“வழியெல்லாம் கண்ணாடியில அடிச்சிட்டே வந்தீங்க. எனக்குப் பின்னால யாரோ குடிகாரன்னு நெனச்சேன்.”

டிம் பண்ணிப் பழக்கப்பட்டது வலது கை, ஓட்டும்போது குச்சிப் பக்கம் இருப்பது இடது கை என்று விளக்கலாமா என யோசித்தேன். அவருக்கு எட்டு மணிக்கு டூட்டி.

இறங்கிக் கதவைச் சாத்தும் முன் குனிந்து சொன்னார்:

“இந்த ஒரு தடவதான் நான் பண்ணிவிடுவேன் தம்பி. அடுத்த தடவ நானும் டம்ளர்ல தண்ணியோடதான் உக்காருவேன்.”