இரண்டு முறை கரைத்த யூரியா

செத்து ஒன்பதாம் நாள் காலை ஆறு மணிக்குத் தம்பி மக்காச்சோள வயலுக்கு வந்து யூரியாக் கரைசல் தெளித்துவிட்டுப் போனான். ஆளைக் காணவில்லை. தெளிப்பான் மட்டும் முதுகுயரத்தில் அந்தரமாக வரிசை வரிசையாக நகர்ந்தது, கைப்பிடி மேலும் கீழும் ஆடியது. பக்கத்து வயல்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார். "அவனேதான். இலைக்கு அடிப்பக்கமும் நனையணும்னு குழாய இப்படித் திருப்பிப் பிடிக்கிறவன் வேற யாரு?" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

அக்காதான் கிட்டே போகப் பயந்து வரப்போரமாகவே நின்றாள். அவளுக்கல்லவா விஷயம் தெரியும்!

மழை பொய்த்து, வேர் உரத்தை எடுக்காமல் பயிர் வெளிறியபோது, இலை வழியாகவே ஊட்டிவிடலாம் என்று இருவரும் தொடங்கியிருந்தார்கள். நூறு லிட்டர் டிரம்முக்கு இரண்டு கிலோ யூரியா. கரைப்பது தம்பி வேலை, அதில் யாரும் கைவைக்கக் கூடாது. ஒருநாள் அவன் முகம் கழுவப் போன நேரத்தில், வெயில் ஏறிவிடுமே என்று அவளே அளந்து போட்டுக் கரைத்து வைத்தாள். யூரியா கரைந்தால் வெறும் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். அவன் வந்து தன் பங்குக்கும் இரண்டு கிலோ போட்டான். சொல்ல வாயெடுத்தவள், வள்ளென்று விழுவானே என்று பேசாமல் இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் வயல் முழுக்க இலையோரம் கருகித் தொங்கியது.

"நீ ஏதாவது போட்டியாக்கா?"

"நான் எதுக்குடா போடப்போறேன்? எனக்கு வேற வேலை இல்லையா?"

அளவு தப்பாதவன் என்று பேர் வாங்கியவனை ஊரே 'கருக்கி' என்று கூப்பிட்டுச் சிரித்தது. கூனிக் குறுகித் தலையைக் குனிந்தபடியே ரோட்டைக் கடந்தவன், லாரி வந்ததைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கவில்லை. தொண்டை வரை போய்த் திரும்பிவிடும். டாக்டர் சோதித்துவிட்டு ஒன்றுமில்லை என்றார்.

பத்து நாளைக்கொரு முறை அவன் வந்தான். பயிர் புதுக்குருத்து விட்டது. வேலை முடிந்ததும் தெளிப்பான் அவள் எதிரே வந்து நிற்கும். "வெயில் ஏறுதுடா" என்பாள், "டிரம்ம மூடட்டுமா?" என்பாள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லமாட்டாள். கதிர் முற்றிவிட்டால் இலைக்கு உரம் வேண்டாம். அப்புறம் அவன் எதற்கு வரப்போகிறான்? அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

கடைசித் தெளிப்பன்று, எலும்பும் தோலுமாக வரப்பில் நின்று, பக்கத்து வயல்காரர் காதிலும் விழும்படி கத்தினாள்.

"நான்தான்டா போட்டேன்! உனக்கு முன்னாடியே போட்டேன். நீ கேட்டப்ப வாய் கூசாம பொய் சொன்னேன். பாவி நான், என்னை என்ன வேணா பண்ணு!"

கைப்பிடி நின்றது. தெளிப்பான் அவள் பக்கம் திரும்பியது. முகம், கழுத்து, கைகள், கைகளின் அடிப்பக்கம் என்று ஓரிடம் விடாமல், இலைக்கு அடிக்கிற அதே பக்குவத்தில் நனைத்தது. எரியவில்லை. ஓவென்று அழுதாள். அழுது முடித்தபோது வயிறு நிறைந்திருந்தது.

பதினாறு வருஷம் ஆகிறது. அவன் ஒரு வார்த்தை பேசவில்லை, மன்னித்தானா என்று அவளும் கேட்கவில்லை. சோறு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை, உடம்பு மட்டும் தேறிவிட்டது. அறுவடை முடிந்த வெறும் வயலுக்கும் பத்து நாளைக்கொரு முறை தெளிப்பான் தவறாமல் வருகிறது, அவளும் கைகளை நீட்டியபடி காலையில் நிற்கிறாள். புதிதாக அந்த வழியே போகிறவர்கள் யாராவது திகைத்து நின்றால், பக்கத்து வயல்காரர் களை பிடுங்கியபடியே குரல் கொடுப்பார்:

"ஒண்ணுமில்ல, சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. மேல படாம ஒதுங்கிப் போங்க."